மூன்று மொழி வரிசை

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவு நாள். காலை ஆறே முக்கால். ஓசூரிலிருந்து தளி போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வரும் சிற்றூர், என் அம்மா பிறந்த ஊர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வாசலில் ஒரு புங்கமரம். இரவெல்லாம் உதிர்ந்த பூ மண்ணை மூடிக் கிடந்தது. அதன்மேல் சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடு இழுத்து, ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை என்று பிரித்திருந்தார்கள்.

அத்தையைக் கைப்பிடித்து அழைத்துவந்தேன். அம்மாவின் அண்ணன் மனைவி. எண்பதை நெருங்குகிறவர். சக்கர நாற்காலி தயாராக இருந்தது. வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். வாசலில் நின்ற காவலர், "கூட வந்தவங்க மரத்தடியில நில்லுங்க சார்" என்றார். நின்றேன். என் ஓட்டு ஓசூர் டவுனில். அதை மதியத்துக்கு மேல் போட்டுக்கொள்ளலாம். அத்தை திரும்பி வரும்வரை எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை, பார்ப்பதைத் தவிர.

வரிசையை ஒழுங்கு செய்ய ஒரு பள்ளி மாணவனை நிறுத்தியிருந்தார்கள். மீசை அரும்பாத பையன். அவனுக்கு ஓட்டு வர இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். முதலில் வந்த கிழவியைப் பார்த்து, "ரா அவ்வா, ஈட கூச்சோ" என்று திண்ணையைக் காட்டினான். அடுத்து வந்தவரிடம், "பன்னி அஜ்ஜி, இல்லி நில்லி" என்றான். அவருக்குப் பின்னால் தடியூன்றி வந்த பெரியவரிடம், "தாத்தா, உங்க வரிசை அந்தப் பக்கம்" என்றான். தெலுங்கு, கன்னடம், தமிழ். ஒரு மூச்சுக்குள் மூன்றும் வந்துவிட்டன. முகத்தைப் பார்த்ததும் எந்த வீட்டில் எந்தப் பேச்சு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவனை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது மூச்சு விடுவதுபோல. எனக்கே வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம்.

மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956இல் ஓசூர் வட்டம் அப்போதைய சேலம் மாவட்டத்தோடு சென்னை மாநிலத்திலேயே நின்றது. கோடு காகிதத்தில் விழுந்தது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டின் இரண்டு பக்கமும் இன்றைக்கும் நடக்கிறது. வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் இங்கே வந்தால் முதலில் கேட்கும் கேள்வி, "தெலுங்குக்காரங்க ஓட்டு யாருக்கு, கன்னடக்காரங்க ஓட்டு யாருக்கு?" என்பதுதான். மரத்தடியில் நின்று அந்த வரிசையைப் பார்த்தபோது, அந்தக் கேள்விக்கு இங்கே பதில் கிடைக்காது என்று தோன்றியது.

ஏனென்று சொல்கிறேன். தளி சட்டமன்றத் தொகுதியின் கதையைப் பாருங்கள். 2001இல் இந்தத் தொகுதி பாரதிய ஜனதாவைத் தேர்ந்தெடுத்தது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த நான்கு இடங்களில் தளி ஒன்று. 2006இல் டி. ராமச்சந்திரன் சுயேச்சையாக நின்று வென்றார். 2011இல் அவரே இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கதிர் அரிவாளில் வென்றார். 2016இல் தி.மு.க. 2021இல் மறுபடியும் கதிர் அரிவாள். இரண்டாவது இடத்தில் தாமரை. இருபது வருஷத்தில் காவி, சுயேச்சை, சிவப்பு, கறுப்பு சிவப்பு, மறுபடி சிவப்பு. அதே கேழ்வரகு வயல், அதே மூன்று மொழி, அதே மலைச் சரிவு. கொள்கை மாறி மாறி ஓட்டுப் போட்டார்கள் என்று இதைப் படிப்பவர்கள் இந்த ஊரை அறியாதவர்கள். பட்டா கேட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தபோது யார் வந்து பக்கத்தில் நின்றார்கள், யானை மிதித்த ராகிக்கு நஷ்ட ஈடு எழுதிக்கொடுக்க யார் ஆள் அனுப்பினார்கள், சாவுக்கு யார் வந்தார்கள், கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்ற கணக்கு இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. சின்னம் அந்தக் கணக்கின் கடைசி வரி.

ஓசூர்த் தொகுதியின் கதை இன்னும் அழுத்தமானது. 1967இல் மாநிலமே தி.மு.க. பக்கம் திரும்பியது. 1977இல் எம்.ஜி.ஆர். பக்கம் திரும்பியது. அந்த இரண்டு அலைக்கும் ஓசூர் நனையவில்லை. 2016 வரைக்கும் திராவிடக் கட்சி எதுவும் இங்கே சட்டமன்றத் தேர்தலில் வென்றதில்லை. பெரும்பாலும் காங்கிரஸ், காங்கிரஸ், மறுபடி காங்கிரஸ். நடுவில் 1996இல் ஜனதா தளம் வென்றது. அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதிலும் ஜனதா தளத்துக்குக் கிடைத்த ஒரே இடம் அது. அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால்தான் கர்நாடகத்தில் ஜனதா தளம் ஆட்சியைப் பிடித்திருந்தது. தேவெ கௌடா அங்கே முதலமைச்சர். 1996 ஜூனில் பிரதமரும் ஆனார். காற்று கர்நாடகத்து அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வீசி, எல்லையில் இருக்கும் ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதே 1996இல், கிழக்கே சில பத்துக் கல் தள்ளிப் பர்கூரில் நடந்தது ஊருக்கெல்லாம் தெரியும். 1991இல் ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்துக் கோட்டைக்கு அனுப்பிய தொகுதி, ஐந்தே வருஷத்தில் முதலமைச்சராக இருந்த அவரையே 8,366 வாக்கில் தோற்கடித்தது. வென்றவர் தி.மு.க.வின் இ.ஜி. சுகவனம். பர்கூர்க்காரர்கள் அதை இன்றைக்கும் உரக்கச் சொல்வதில்லை. தூக்கி வைத்ததும் இறக்கி வைத்ததும் தாங்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரியும், அது போதும் என்பதுபோல் இருப்பார்கள்.

வரிசை நகர்ந்தது. வெயில் ஏறியது. அந்த ஏப்ரலில் ஓசூரின் குளிர்ச்சி எங்கே போனதென்று தெரியவில்லை. பெங்களூரில் தண்ணீருக்குக் குடம் வைத்து நின்றுகொண்டிருந்த மாதம் அது. ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வந்தார்கள். தலையில் துண்டு, விரல் நுனிகளில் முள் கீறிய பழைய கோடுகள். அந்த விரலில்தான் மை வைக்க வேண்டும். இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி, மை காயும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள் ஒருத்தி. பிப்ரவரியில் வெளிநாட்டுக்குப் பூ கட்டி அனுப்பிய விரல். அந்த மை மைசூரில் தயாராகிறது. 1962 முதல் நாடு முழுவதற்கும் அங்கிருந்துதான் போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது காற்று மட்டும் இல்லை.

அவளுக்குப் பின்னால் ஒரு இளம்பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை, கண்ணில் இரவு ஷிப்டின் சிவப்பு. வரிசையில் நின்றபடியே கண்ணை மூடினாள். முன்னால் இருந்த கிழவி திரும்பிப் பார்த்து, எதுவும் சொல்லாமல், தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துப் பின்னால் நகர்ந்துகொண்டாள். பையன் அதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அந்தக் கிழவிக்குத் திண்ணையில் இடம் செய்துகொடுத்தான்.

அத்தை வெளியே வந்தபோது மணி எட்டு. இரண்டு இயந்திரம் இருந்ததாம். முதல் இயந்திரத்தில் பெயர்கள் முடிந்து இரண்டாவதிலும் தொடர்ந்ததாம். "அவ்வளவு பேரு நிக்கிறாங்களா?" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. பள்ளியிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டும்போது, எதிர்வீட்டுக்காரி வேலியோரம் நின்று கேட்டாள்.

"யாருக்குக்கா போட்டீங்க?"

அத்தை நின்றார். "மலையில தேரு இழுக்கிறப்ப யாரு எந்தக் கையால வடம் பிடிச்சாங்கன்னு கேக்கிறோமா? தேரு நகந்துதா, அதான்."

சந்திரசூடேசுவரர் கோயில் தேரைச் சொல்கிறார். பங்குனியில் அந்தத் தேரின் வடத்தை எல்லாத் தெருக்காரர்களும் பிடிப்பார்கள். எதிர்வீட்டுக்காரி தலையாட்டினாள். அவள் மறுபடி கேட்கவில்லை. இந்த ஊர்களில் ஓட்டின் ரகசியத்தைக் காப்பது சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்துக்கு முன்பே இந்தக் கிழவிகள் காத்துவந்திருக்கிறார்கள்.

அத்தையை வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டு, மேசைகளுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று மேசை. இரண்டு மேசைக்காரர்கள் மாமனும் மாப்பிள்ளையும். வேறு வேறு கட்சி, ஒரே தூக்குப் பாத்திரத்து இட்லி. இருவர் கையிலும் வாக்காளர் பட்டியல், பென்சில். போகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு டிக். பெயரைச் சொன்னதும் பக்கம் புரட்டாமலே வரிசை எண்ணைச் சொன்னார் மாமன்.

"மேல் தெருவு முடிஞ்சுது. காலனியில பாதிகூட வரல."

"தோட்டத்துக்குப் போயிருப்பாங்க மாமா. பத்து மணிக்கு மேல வருவாங்க."

"உங்க ஆளுங்கதானே? வரட்டும், வரட்டும்."

"அப்படி எல்லாம் சொல்லிட முடியாது மாமா இப்ப."

அந்தக் கடைசி வாக்கியத்தை மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான். மாமன் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு தெருவையே பார்த்தார். தெரு என்றால் சாதி என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. மேல் தெரு, கீழ்த் தெரு, காலனி, மலையோரம் இருக்கும் இருளர் குடிசைகள். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு பெரியவரைப் பார்த்தால் தெரு முழுக்கப் பார்த்த மாதிரி. வேட்பாளர் ஒரு திண்ணையில் காபி குடித்துவிட்டு எழுந்தால் நூறு ஓட்டு கூடவே எழுந்து வரும். இப்போது ஒரு வீட்டுக்குள்ளேயே நாலு பேர் நாலு பக்கம். பெண்கள் ஆண்களிடம் சொல்வதில்லை. பையன்கள் அப்பாக்களிடம் சொல்வதில்லை. அந்தப் பொத்தானின் பீப் சத்தம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். காலனிப் பெண் ஒருத்தி யாருக்குப் போட்டாள் என்று மேல் தெருப் பெரியவருக்குத் தெரியாத ஊர், தெரிந்த ஊரைவிட நல்ல ஊர்.

டீக்கடை பெஞ்சில் பேச்சு ரயில் பக்கம் போனது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர்; 2004இல் தனி மாவட்டமாகி அப்போதே இருபது வருஷம் ஆகியிருந்தது; ஊருக்குள் ரயில் கிடையாது. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை போடுவோம் என்பதை ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு கட்சியும் சொல்லியிருக்கிறது. அடுத்தது கெலவரப்பள்ளி அணை. பெங்களூரின் கழிவெல்லாம் தென்பெண்ணையில் இறங்கி, மதகைத் திறந்தால் நுரை மலைமலையாக எழுந்து சாலை வரைக்கும் பறக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் கோஸும் பீன்ஸும் விளைகின்றன. ஒருவர் சொன்னார், "அந்த நுரைக்கு எந்த மொழிய்யா?" யாரும் பதில் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார்.

மதியம் ஓசூருக்கு வந்து என் ஓட்டைப் போட்டேன். பிறகு சிப்காட் பக்கம் நடந்தேன். அங்கே நான் பார்த்ததுதான் இன்னும் மனதை விட்டுப் போகாமல் இருக்கிறது.

சாதாரண நாளில் இரண்டரை மணிக்கு ஷிப்டு மாறும். பேருந்துகள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும். அன்றைக்குச் சாலை காலி. 1970களில் அரசு நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை அமைத்த பின், 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் வந்தன. பிறகு டைட்டன் கைக்கடிகாரம். இப்போது மின்சார ஸ்கூட்டர், கைப்பேசி உறுப்புகள். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இங்கிருந்து கூப்பிடு தூரம். அவர் பிறந்தபோது வண்டிப் பாதை மட்டும் இருந்த மண்ணில் இன்று ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கானோர் இறங்கி ஏறுகிறார்கள். 2019இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவின்படி, ஓட்டுரிமை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தராத முதலாளிக்கு அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை. சட்டத்தை மதித்துக் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள்.

பூட்டிய கதவுகளுக்கு எதிரே, சாலையோர நிழலில், வடக்கத்திப் பையன்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம். ஒருவன் கைப்பேசியில் வீடியோ அழைப்பில் இருந்தான். திரையில் ஒரு பெண், தங்கையாக இருக்கும், மை வைத்த விரலைத் திரைக்கு நேராக நீட்டிக் காட்டினாள். பின்னணியில் தேயிலைப் புதர். அசாமின் மேற்புறத் தொகுதிகளில் அன்றைக்கே வாக்குப்பதிவு. அவன் தன் விரலை உயர்த்திக் காட்டினான். மை இல்லாத விரல். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். அவன் ஓட்டு அவன் ஊரில் இருக்கிறது; அவன் இங்கே இருக்கிறான். போய்வர ஒரு வாரம் வேண்டும். சம்பளத்தோடு கிடைத்தது ஒரு நாள்.

தமிழ்ப் பெண்களின் விடுதி ஒன்றைத் தாண்டினேன். ஜன்னல்களில் துணி உலர்ந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. வாசலில் இருந்த காவலாளி தானாகவே சொன்னார், "எல்லாம் நேத்து ராத்திரியே ஊருக்குப் போயிட்டாங்க சார். தர்மபுரி, திருவண்ணாமலை, சேலம். பஸ்ல நிக்க இடம் இல்ல." அந்தத் தேர்தலில் தர்மபுரித் தொகுதியின் பதிவு 81 விழுக்காட்டைத் தாண்டியது, மாநிலத்திலேயே அதிகம். கிருஷ்ணகிரியில் 71ஐ ஒட்டி நின்றது. தர்மபுரியின் அந்த எண்ணில் ஓசூரிலும் பெங்களூரிலும் உழைக்கிற பிள்ளைகளின் இரவுப் பேருந்துப் பயணம் இருக்கிறது. பத்து நாள் களைப்போடு நின்றுகொண்டே போய், பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பொத்தானை அழுத்திவிட்டு, ஞாயிறு இரவு திரும்பி வருகிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கூடவே ஒரு உறுத்தலும் இருக்கிறது. வருஷத்தில் 350 நாள் குடிக்கிற தண்ணீர் ஓசூர்த் தண்ணீர். கொடுக்கிற வாடகை ஓசூர் வாடகை. இரவு ஷிப்டு முடிந்து நடக்கிற விளக்கில்லாத சந்து ஓசூர்ச் சந்து. அந்தச் சந்துக்கு விளக்குக் கேட்க வேண்டிய ஓட்டு இன்னொரு மாவட்டத்தில் கிடக்கிறது. பிரசார வண்டிகள் மூன்று வாரம் ஓசூரில் மூன்று மொழியிலும் பேசின. விடுதிகளைப் பற்றி ஒரு மொழியிலும் பேசி நான் கேட்கவில்லை. ஓட்டு இல்லாதவர்களின் குறை எந்த மேடைக்கும் ஏறாது.

மாலை ஜூஜூவாடி வரைக்கும் போய்த் திரும்பினேன். சாவடிக்கு இந்தப் பக்கம் தேர்தல் முடிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் 26ஆம் தேதிதான் வாக்குப்பதிவு, பிரசாரம் உச்சத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் கைச் சின்னம் நின்றது. இந்தப் பக்கம் அது காவிரியின் குறுக்கே மேக்கேதாட்டு அணை கூடாது என்னும் அணியில். அந்தப் பக்கம் அது மேக்கேதாட்டில் அணை கட்டியே தீருவோம் என்னும் ஆட்சி. நடுவில் ஒரு சோதனைச் சாவடி. காவிரிச் சண்டை வரும்போதெல்லாம் பேருந்துகள் இந்த இடத்தில்தான் நின்றுவிடும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்த வாரத்தில், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தச் சாவடியை நடந்தே கடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாரத்திலும் அந்தப் பக்கத்துச் சம்பந்திகள் இந்தப் பக்கத்துச் சம்பந்திகளுக்குப் போன் செய்து, "பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள்.

ஜூன் 4இல் முடிவு வந்தது. எங்கள் கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் காங்கிரஸின் கே. கோபிநாத் 1,92,486 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2001, 2006, 2011 என்று மூன்று முறை ஓசூருக்குச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அ.தி.மு.க. இரண்டாவது. பாரதிய ஜனதா இரண்டு லட்சத்தைத் தாண்டி மூன்றாவது. நாம் தமிழர் வேட்பாளர், வீரப்பனின் மகள் வித்யாராணி, ஒரு லட்சத்துக்கு மேல் பெற்றார். கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். சென்னையில் சிலர் முகம் சுளித்தார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அது செய்தியே இல்லை. வீட்டில் பேசுவதை அங்கேயும் பேசினார் என்றார்கள். அதே தொகுதியில், தமிழுக்காகவே நிற்கிறோம் என்று சொன்ன கட்சிக்கும் ஒரு லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள் என்று எந்த எண்ணிக்கையும் சொல்லாது. அந்தப் பையன் வரிசையில் நிறுத்திய முகங்களை நினைத்துப் பார்க்கிறேன். எந்த முகத்தையும் எந்தச் சின்னத்தோடும் என்னால் சேர்க்க முடியவில்லை.

2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த மாவட்டத்தின் ஆறு தொகுதியும் சரிபாதியாகப் பிரிந்தன. ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி அ.தி.மு.க.வுக்கு. பர்கூர், ஓசூர், தளி தி.மு.க. அணிக்கு. கிருஷ்ணகிரியில் வெற்றியையும் தோல்வியையும் பிரித்தது 794 வாக்கு. நான் தாண்டி வந்தது போன்ற விடுதிகள் இரண்டு மூன்றைச் சேர்த்தால் அவ்வளவு பேர் தேறுவார்கள்.

பதினெட்டு வயது நிறைந்து, ஓர் ஊரில் வழக்கமாகக் குடியிருக்கும் குடிமகன் எவரும் அந்த ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 1950ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. வேறு தொகுதியில் பெயர் இருந்தால் மாற்றிக்கொள்ளப் படிவம் 8 போதும். ஆனால் விலாசத்துக்குச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் கேட்டால் வீட்டுக்காரர் தரமாட்டேன் என்கிறார். அதற்குப் பயந்தே பாதிப் பேர் கேட்பதில்லை. ஓசூரிலும் சூளகிரியிலும் பாகலூர் சாலையிலும் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் வீட்டில் குடியிருக்கும் பிள்ளைகள் கேட்டால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.